கொடைக்கானலில் இண்டக்ஷன் அடுப்பு: எந்தப் பாத்திரம், எந்த பிளக்?

கேள்வி: 2000 வாட் அடுப்பு வாங்க யோசனை. வீட்டில் அலுமினிய குக்கர், எவர்சில்வர் பாத்திரம், இரும்பு தோசைக்கல் உண்டு. எதெல்லாம் ஓடும்? சாயங்காலம் வோல்டேஜும் இறங்கிவிடுகிறது.

பதில் 1: பாத்திரத்தின் அடியில் காந்தம் வைத்துப் பாருங்கள். நன்றாக ஒட்டினால் ஓடும். வெறும் அலுமினியம், செம்பு ஓடாது. எவர்சில்வரில் சிலது ஒட்டும், சிலது ஒட்டாது. கடையிலேயே சோதிப்பது நல்லது. அடி தட்டையாகவும், 12 செ.மீ.க்குக் குறையாமலும் இருக்கட்டும். உருண்டை அடி வாணலி வேண்டாம். தோசைக்கல் ஓடும், ஆனால் எடுத்த எடுப்பில் முழு பவர் வைத்தால் நடுவில் மட்டும் சூடேறி வளையும். கண்ணாடி மேல் இழுக்காமல் தூக்கி வையுங்கள்.

பதில் 2: பிளக்தான் முக்கியம். 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் உருகும். தனி 16 ஆம்பியர் பாயிண்ட் போடுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடாது. வோல்டேஜ் ரொம்ப இறங்கினால் அடுப்பு பிழை காட்டி நின்றுவிடும். அது அடுப்பின் கோளாறல்ல.

பதில் 3: மலையில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். பவரைக் கூட்டினால் ஆவிதான் அதிகம் போகும், பருப்பு சீக்கிரம் வேகாது. இண்டக்ஷன் அடி குக்கர் வாங்கி, விசில் வந்ததும் 600 வாட்டுக்கு இறக்கி, சமவெளியைவிடச் சில நிமிடம் கூட விடுங்கள். மலிவான அடுப்புகள் குறைந்த பவரில் விட்டுவிட்டு எரியும், பால் திடீரென்று பொங்கும். சமைத்ததும் மெயின் சுவிட்சை உடனே அணைக்காதீர்கள், அடுப்புக்குள் இருக்கும் ஃபேன் தானாக நிற்கட்டும்.