“நான் கூச்சப் பொண்ணு” என்கிறாள் மகள்: பிறவிக் குணமா, நாம் ஏற்றிவிட்டதா?

சேலத்து அம்மா:
மகளுக்கு நாலரை வயது, எல்கேஜி. வீட்டில் வாய் ஓயாது. விருந்தாளி வந்தால் என் முந்தானைக்குள் போய்விடுவாள். யார் பேர் கேட்டாலும் என் மாமியார் முந்திக்கொண்டு “அவ கூச்சப் பொண்ணு” என்பார். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா விளையாடக் கூப்பிட்டபோது இவளே “நான் கூச்சப் பொண்ணு, வரமாட்டேன்” என்கிறாள்! நெட்டில் நாலு வகைக் குணத்துக்கு டெஸ்ட் இருக்கிறதே, போட்டுப் பார்க்கலாமா?

ராஜா77:
விடுங்க. ஒண்ணாவது போனா தானா சரியாயிடும்.

பாலர்பள்ளி டீச்சர்:
தானாகச் சரியாக இது சளியா, காய்ச்சலா? 1956-ல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல டாக்டர் தம்பதி கைக்குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள். அதில் சுமார் 15 சதவீதம் மெல்லப் பழகும் ரகம். புது ஆள், புது இடம் என்றால் முதலில் பின்வாங்கும். அவசரப்படுத்தாவிட்டால் தானே வந்து கலந்துகொள்ளும். அது பிறவியிலேயே வருவது.

ஆனால் “நான் இப்படிப்பட்டவள்” என்ற எண்ணம் பிறவியில் வராது. கண்ணாடியில் தெரிவது தான்தான் என்பதே பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை, இரண்டு வயதில்தான் பிடிபடும். நாலு வயதில் “எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும், என்கிட்ட சிவப்பு கவுன் இருக்கு” என்பதுதான் பிள்ளைகள் தங்களைப் பற்றிச் சொல்வது. “கூச்சப் பொண்ணு” பாட்டியின் சொல்.

என் வகுப்பில் ஒரு பையன் தண்ணீர் பாட்டிலைக் கட்டிக்கொண்டு கதவோரமே நிற்பான். பேசச் சொல்லவில்லை, கிரேயான் டப்பாவைக் கொடுத்து எல்லாருக்கும் கொடுக்கச் சொன்னேன். நீலம் யாருக்கு என்று சண்டை வந்தபோது தீர்ப்புச் சொன்னதே அவன்தான். விசேஷ வீட்டுக்கும் கூட்டம் சேரும் முன்பே போய்விடுங்கள், இடம் பழகிவிடும்.

அந்த நாலு வகை பழைய கிரேக்க வைத்தியச் சரக்கு: ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம், இதில் உடம்பில் எது அதிகமோ அதற்கேற்ற குணம் என்பார்கள். நம் வாத பித்த கபம் மாதிரி ஒரு கணக்கு. பொழுதுபோக்குக்கு நீங்கள் போட்டுப் பாருங்கள், பிள்ளைக்கு வேண்டாம்.

சேலத்து அம்மா:
சரி டீச்சர், ஆனா மாமியார் வாயை எப்படி அடைப்பது?

பாலர்பள்ளி டீச்சர்:
அடைக்க வேண்டாம், வேறு வசனம் கொடுங்கள். “கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசுவா”, அவ்வளவுதான். பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது சொல்லிக்கொடுங்கள்.

ராஜா77:
எங்க வீட்டுப் பெரியவன் “நான் கோவக்காரன்”னு திரியறான். அதுக்கும் இதேதானா?