வலைப்பதிவர்களோடு பழகுவது எப்படி? அனுபவப் பகிர்வுத் திரி

கோவை வாசகி:
தன் வீட்டுக் கதையை, அலுவலகத்தில் படும் பாட்டை, மனசுக்குள் ஓடுவதை இணையத்தில் வலைப்பதிவாக எழுதுகிறவர்களோடு அறிமுகமாவது தனிக்கலை. அவரைப் பற்றி நமக்கு நூறு விஷயம் தெரியும், நம்மைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. தடுமாற்றம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

பேசப் போகுமுன் படியுங்கள். கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாகரில் பக்கவாட்டில் இருக்கும் இடுகைத் தொகுப்பைத் திறந்து முதல் மாதத்தையும் கடைசி மூன்று மாதங்களையும் வாசித்தால் போதும். முதல் மாதத்தில்தான் ஏன் எழுதுகிறேன் என்று சொல்லியிருப்பார். வீட்டு ஆட்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதும் அங்கேதான். தமிழ்ப் பதிவுகளில் மனைவி ‘தங்கமணி’, கணவர் ‘ரங்கமணி’ என்பது பழைய வழக்கம். பிள்ளைகளுக்கு ஆளாளுக்கு ஒரு செல்லப்பெயர். இடுகைக்குக் கீழே எழுதும் பின்னூட்டத்தில் நீங்களும் அதே பெயரையே சொல்லுங்கள். குழந்தையின் நிஜப்பெயர் உங்களுக்கு வேறு வழியில் தெரிந்திருந்தாலும் எழுதாதீர்கள். ‘உங்க பையன் பேர் இதுதானே?’ என்று ஒருவர் ஆர்வத்தில் கேட்ட மறுநாளே பதிவைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு.

வைகைக்கரை:
அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. பின்னூட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

‘அருமை’, ‘மீ த ஃபர்ஸ்ட்டு’, ‘த.ம. 3’ (தமிழ்மணத்தில் மூன்றாவது ஓட்டு) இவையெல்லாம், பல பதிவுகளின் இடுகைகளை ஒரே முகப்பில் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் கோலோச்சிய காலத்துப் பழக்கம். மறுமொழி விழுந்தால் இடுகை மறுபடி முகப்பில் தெரியும், ஓட்டு விழுந்தால் மேலே ஏறும். அதனால் அன்று அந்த ஒற்றைச் சொல்லுக்கும் பயன் இருந்தது. இன்று இல்லை. இடுகையிலிருந்து ஒரு வரியை எடுத்துக்காட்டி, அதைத் தொட்டு உங்களுக்குத் தெரிந்த ஒரு தகவல், பிறகு ஒரு கேள்வி. இவ்வளவு இருந்தால் அநேகமாகப் பதில் வரும். அப்பா மருத்துவமனையில் இருக்கிறார் என்று எழுதியிருப்பவரிடம் நோயின் பெயரைக் கேட்காதீர்கள். ‘ராத்திரி துணைக்கு ஆள் இருக்கா?’ என்று கேளுங்கள்.

போட்ட பின்னூட்டம் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் பதிவர் காரணமில்லை. இடுகைக்குக் கீழேயே பெட்டி பதிந்திருக்கும் அமைப்பில், உலாவி மூன்றாம் தரப்புக் குக்கீகளை (வேறு தளங்கள் உலாவியில் வைக்கும் சிறு கோப்புகளை) தடுத்திருந்தால் ‘வெளியிடு’ அழுத்தியதும் திரும்பத் திரும்ப உள்நுழையச் சொல்லும், எழுதியதும் போய்விடும். அழுத்துமுன் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது நீளம். பிளாகர் ஒரு பின்னூட்டத்துக்கு 4,096 எழுத்துக்குறிகள்தான் அனுமதிக்கிறது. ‘கி’ என்பது கணினிக்கு இரண்டு குறி, அதனால் தமிழில் நினைத்ததைவிடச் சீக்கிரம் எல்லை வந்துவிடும். இரண்டாகப் பிரித்து, முதலாவதின் முடிவில் ‘தொடர்கிறேன்’ என்று போட்டுவிடுங்கள். மூன்றாவது மட்டுறுத்தல், அதாவது பதிவர் பார்த்து அனுமதித்த பிறகே பின்னூட்டம் வெளியாவது. 14 நாளுக்கு மேற்பட்ட இடுகைகளுக்கு மட்டும் மட்டுறுத்தல் என்று பலர் வைத்திருப்பார்கள். பழைய இடுகையில் நீங்கள் எழுதியது அவர் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் காத்திருக்கும். வெளியாகவில்லையே என்று நாலு தடவை போட்டால் நாலும் அங்கே வரிசையாக நிற்கும்.

பழைய திண்ணை:
வைகை தம்பி, போலிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2005க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்ப் பதிவுலகம் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒருவர் பெயரில் இன்னொருவர் போய் ஆபாசமாகப் பின்னூட்டம் போட்டு, நட்புகளையே முறித்தார்கள். அப்போது புழக்கத்துக்கு வந்ததுதான் ‘எலிக்குட்டி சோதனை’. எலிக்குட்டி என்றால் கணினியின் மௌஸ். பின்னூட்டமிட்டவர் பெயர் மேல் அதன் சுட்டியை வைத்தால் திரையின் அடியில் அவருடைய பிளாகர் சுயவிவர எண் தெரியும். அதை அவர் பதிவிலுள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். எண் மட்டும் சரியாக இருந்தால் போதாது. உள்நுழையாமல் பெயரும் இணைய முகவரியும் கைப்படத் தரும் வழியில் யாரும் இன்னொருவர் எண்ணை இட்டுவிடலாம். அவருடைய சுயவிவரப் படமும் சேர்ந்து தெரிந்தால்தான் உள்நுழைந்து எழுதியவர் என்று நம்பலாம். அந்தக் கைப்பட வழி இன்றும் பல பதிவுகளில் திறந்தே கிடக்கிறது. பழகிய ஒருவர் திடீரென்று ஆளே மாறிப் பேசினால் முதலில் சுட்டியை வையுங்கள், பிறகு கோபப்படுங்கள்.

ஏரிக்கரைத் தோழி:
பூட்டிய பதிவுகளைப் பற்றி. பிளாகரில் தனிப்பதிவு என்றால் அழைப்பு பெற்ற 100 பேர்தான் படிக்க முடியும். அதற்கு ஓடையும் (புது இடுகைகளைத் தானாக அனுப்பும் ஃபீட்) வேலை செய்யாது. ஓடைகளைப் படிக்க உதவும் ஃபீட்லியில் சேர்த்துவிட்டு ‘இவர் எழுதுவதையே விட்டுவிட்டார்’ என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். எனக்கும் அழைப்பு கொடுங்கள் என்று பொதுவெளிப் பின்னூட்டத்தில் கேட்பது எழுதுபவரைச் சங்கடத்தில் தள்ளும். கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்கள், மறுத்தால் எல்லோருக்கும் தெரியும். மின்னஞ்சலில் கேளுங்கள், ஒரே ஒருமுறை.

ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதுவோர் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. 1999இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் தொடங்கிய லைவ்ஜர்னலில் ‘நண்பர்’ என்ற ஒரே பொத்தானில் இரண்டு காரியம் நடந்தது. அவர் எழுதுவது உங்கள் பக்கத்தில் வரும், உங்கள் பூட்டிய குறிப்புகளும் அவருக்குத் திறக்கும். படிக்க நேரமில்லை என்று பட்டியலிலிருந்து எடுத்தால் உறவை முறித்ததாக எடுத்துக்கொண்டு மனக்கசப்பு வந்தது. அதே நிரலை அடிப்படையாக வைத்து 2009இல் வந்த டிரீம்வித் இந்த இரண்டையும் பிரித்துவிட்டது. சந்தா வேறு, அணுகல் வேறு. அங்கே முதலில் சந்தா மட்டும் போடுங்கள், பொதுக் குறிப்புகளில் சில வாரம் பேசுங்கள். உங்கள் பக்கத்திலும் நாலைந்து குறிப்பாவது இருக்கட்டும். வெற்றுப் பக்கம் வைத்திருப்பவருக்கு அணுகல் தர யாருக்கும் மனம் வராது.

மாம்பலம் மைனா:
நேரில் சந்திப்பது. மெரினா காந்தி சிலை அருகே கூடிய சின்னச் சந்திப்புகளிலிருந்து 2012 சென்னை, 2014 மதுரை, 2015 புதுக்கோட்டைப் பதிவர் பெருந்திருவிழாக்கள் வரை, முதல் பத்து நிமிடம் ஒரே மாதிரிதான். நிஜப்பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. சட்டையில் குத்தும் அட்டையில் பதிவின் பெயரைப் பெரிதாக, நாலடி தூரத்தில் படிக்கிற மாதிரி எழுதுங்கள். நிஜப்பெயர் கீழே சின்னதாக, விருப்பமிருந்தால் மட்டும்.

படம் எடுப்பதில் கவனம் வேண்டும். புனைபெயரில் எழுதும் பெண்கள் பலர் வீட்டில் சொல்லாமலே எழுதுகிறார்கள். வாசலில் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும்போதே ‘படம் வெளியிடலாமா?’ என்று கேட்டு, வேண்டாம் என்பவர்களுக்கு வேறு நிற அட்டை கொடுத்துவிட்டால் படம் எடுப்பவருக்கும் எளிது. முதல் சந்திப்பு பொது இடத்தில், பகலில். அவர் எழுதிய சோகத்தை நேரில் நீங்களாகக் கிளறாதீர்கள். எழுதும்போது வந்த துணிவு எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது எல்லோருக்கும் வருவதில்லை.

வைகைக்கரை:
எழுதாமல் நின்றுபோனவர்களோடு தொடர்பை மீட்க ஒரு வழி சொல்லிவிடுகிறேன். ‘ஏன் எழுதுவதில்லை?’ என்று கேட்பதைவிட அவர் பதிவில் உடைந்திருப்பதைச் சொல்லுங்கள். 2012 முதல் பிளாகர் இந்திய வாசகர்களை ‘பிளாக்ஸ்பாட்.காம்’ முகவரியிலிருந்து ‘பிளாக்ஸ்பாட்.இன்’ முகவரிக்குத் திருப்பியது. அப்போது நகலெடுத்த இணைப்புகள் ஏராளம். 2020இல் அந்த முகவரி கூகுளின் கையைவிட்டுப் போனதும் அத்தனையும் செத்துவிட்டன. ‘.இன்’ இருக்கும் இடத்தில் ‘.காம்’ என்று மாற்றினால் உயிர் வந்துவிடும். கூகுளின் சமூகத்தளமான கூகுள் பிளஸ் மூடப்பட்டபோது அதன் வழியே வந்த பின்னூட்டங்கள் 2019இல் அழிந்தன. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் இரண்டு முகவரிகளையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். ஒன்றில் இல்லாதது மற்றதில் கிடைக்கலாம். கிடைத்ததை அந்தப் பதிவருக்கு அனுப்பும்போது, காப்புநகல் எடுக்கவும் சொல்லுங்கள். இறங்கும் கோப்பில் இடுகையும் பின்னூட்டமும் மட்டுமா, படங்களும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் படங்களைத் தனியாக இறக்கி வைக்க வேண்டும்.