தெருச்சுவர் ஓவிய ஸ்டாம்புகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குன்னூர் உறுப்பினர்:
வணக்கம். மற்ற ஸ்டாம்புகளை எல்லாம் அண்ணன் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, தெருவோவியம் அச்சானவற்றை மட்டும் இப்போது சேர்க்கிறேன். காரணம் எங்கள் மழைதான். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டையும் வாங்கும் ஊர் இது. தடுப்புச் சுவரில் யார் என்ன வரைந்தாலும் சீக்கிரமே பாசி ஏறி, பெயின்ட் உரிந்துவிடும். ஸ்டாம்பில் ஏறிவிட்ட ஓவியத்துக்கு அந்தக் கவலை இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது உக்ரைன் ஸ்டாம்ப். 2022 நவம்பரில் போரோதியங்கா ஊரில், குண்டுவீச்சில் சிதைந்த கட்டடத்தின் சுவரில், இங்கிலாந்துத் தெருவோவியர் பேங்க்ஸி வரைந்தது. ஜூடோ உடுப்பில் இருக்கும் ஆளை ஒரு சின்னப் பையன் தூக்கி அடிக்கிறான். புதினுக்கு ஜூடோ தெரியும் என்பது ஊரறிந்த விஷயம், அதனால் விளக்கமே வேண்டாம். போர் தொடங்கி ஒரு வருடமான 2023 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் அஞ்சல்துறை அதை ஸ்டாம்பாக வெளியிட்டது.

பஸ் ஸ்டாண்ட் போகும் வழியில் ஒரு தம்பி சாரத்தில் நின்று வரையாடு வரைந்துகொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்து, மறுநாள் ஆல்பத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். லென்ஸை வைத்து உக்ரைன் ஸ்டாம்பை வெகுநேரம் பார்த்தார். "படத்த மட்டும் வெட்டி எடுக்காம, இடிஞ்ச சுவரையும் சேர்த்து விட்டிருக்காங்க சார். அதான் நிக்குது" என்றார். இத்தனை நாள் நான் பையனையே பார்த்துக்கொண்டிருந்தேன், சுவரைக் கவனித்தது அவர்.

அப்புறம் அவரிடம் அனுமதி எழுதி வாங்கி, அந்த வரையாட்டைப் போட்டோ எடுத்து, நம் அஞ்சல்துறையின் 'மை ஸ்டாம்ப்' திட்டத்தில் அடித்தேன். 12 ஸ்டாம்ப் கொண்ட தாள், 300 ரூபாய். நாம் தரும் படம் ஸ்டாம்போடு ஒட்டினாற்போல் பக்கத்தில் அச்சாகி வரும். சுவர் வெடிப்பில் முளைத்திருந்த பெரணியும் போட்டோவில் வர வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தார், வந்திருக்கிறது. அதில் ஒன்றை ஒட்டி அவருக்கே கடிதம் போட்டேன். கவுன்டரில் இருந்த அம்மா, கேட்டுக்கொண்டபடி, படத்தில் படாமல் மூலையில் லேசாக முத்திரை குத்தித் தந்தார். அந்தச் சுவரில் இப்போது ஆட்டின் கொம்பு வரை பாசி. கடித உறையைத் தம்பி பத்திரமாக வைத்திருக்கிறார்.

கொடைக்கானல் உறுப்பினர்:
அருமை அண்ணா. ஆனால் ஸ்டாம்புக்கு மழைக் கவலை இல்லை என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்! மலையில் ஈரப்பதத்துக்குப் பசை தானாக இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும், பழுப்புப் புள்ளி விழும். ஸ்டாம்ப் செருகி வைக்கும் ஸ்டாக் புக்கைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். வெயில் அடிக்கும் நாளில் புக்கைத் திறந்து காற்றாட விடுவேன், ஆனால் வெயில் நேராகப் படக்கூடாது, நிறம் போய்விடும்.

என்னிடம் இருப்பது 2011-இல் பிரான்ஸ் வெளியிட்ட மிஸ் டிக் ஸ்டாம்புகள். பாரிஸ் சுவர்களில் ஸ்டென்சில் (உருவம் வெட்டிய அச்சுத் தகடு) வைத்துப் பெண் உருவமும் கூடவே ஒரு வரியும் எழுதியவர். சுவரைக் கெடுத்ததாக அவர்மேல் வழக்கே நடந்தது. அப்படிப்பட்டவரின் கைவண்ணத்தை அரசு அஞ்சல்துறையே அச்சடித்தது, நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது.

கோத்தகிரி உறுப்பினர்:
என் மகள் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய கடிதத்தில் 2025-இல் வந்த கீத் ஹேரிங் ஸ்டாம்ப் இருந்தது. இரண்டு உருவம், ஒரு சிவப்பு இதயம். நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் காலியாக இருந்த விளம்பரப் பலகைகளில் சாக்பீஸால் வரைந்து பெயர் வாங்கியவராம். தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கலாமா அண்ணா?

குன்னூர் உறுப்பினர்:
வேண்டாம் அக்கா! அது ஸ்டிக்கர் வகை. இப்போதைய அமெரிக்க ஸ்டாம்புகள் தண்ணீரில் சரியாகக் கழன்று வராது, கிழிந்துபோகும். சுற்றிலும் அரை அங்குலம் விட்டு உறையோடு வெட்டுங்கள். முத்திரையில் தேதி தெளிவாக இருந்தால் வெட்டவே வேண்டாம், முழு உறையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.