செப்டம்பர் கடைசியில் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல், ஸ்பிதி மலைப் பக்கம்: வானிலை ஏமாற்றிய கதை யாருக்காவது உண்டா?

புல்லட் பைத்தியம்:
2018 செப்டம்பர் 22. அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தேதியே போதும். மூன்று வண்டி, நான்கு பேர், சந்திரதால் ஏரிக்குக் கீழே கூடாரம். மணாலியில் கிளம்பும்போது போனில் பார்த்தது: லாஹௌலின் கேலாங் ஊர், ஓரளவு மேகமூட்டம், 12 டிகிரி. ரெயின்கோட்தான் இருக்கிறதே என்று ஏறிவிட்டோம்.

சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. கூடாரத் துணியில் பொரி பொரிவது போல ஓயாத சத்தம், கண்ணே மூட முடியவில்லை. நடு ராத்திரிக்கு மேல் அது சட்டென்று நின்றது. பக்கத்தில் படுத்திருந்தவனை உலுக்கி எழுப்பி, "விட்டுடுச்சுடா" என்று சொன்னேன். இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கினோம். அப்புறம் ஏதோ மூக்கில் உரசுகிறதே என்று கையை நீட்டினால், கூடாரத்தின் கூரை. மழை விடவில்லை, பனியாக மாறியிருந்தது. பனி விழுந்தால் சத்தமே வராது என்பது எனக்கு அதுவரை தெரியாது.

வெளியே முகாம்காரர் துடைப்பத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கூடாரமாக அடித்துப் பனியை இறக்கிக்கொண்டிருந்தார். லாஹௌலிலிருந்து ஸ்பிதிக்குப் போகும் வழியில் உள்ள குன்சும் கணவாய் மூடியது, விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது எல்லாம் பேப்பரில் வந்ததுதான். அந்த "விட்டுடுச்சுடா"வை மட்டும் என் நண்பன் இன்றுவரை விடவில்லை.

மேகம் பார்ப்பவன்:
தம்பி, பிழைத்து வந்தீர்கள், சந்தோஷம். ஆனால் ஏமாற்றியது வானிலை இல்லை. கேலாங் கணக்கைப் பார்த்துவிட்டு சந்திரதாலில் படுத்தது நீங்கள். கேலாங் சுமார் 3,100 மீட்டர், ஏரி 4,300-ஐ ஒட்டி இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் தோராயமாக ஆறரை டிகிரி குறையும். ராத்திரி கேலாங்கில் 6 டிகிரி என்றால் உங்கள் தலைமாட்டில் பூஜ்யத்துக்குக் கீழே. மழையா பனியா என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

என் கதை சின்னது. ஒரு அக்டோபரில் குன்சும் உச்சியில் பகல் இரண்டு மணிக்கு நின்றேன், எதிரே வந்த லாரியின் விளக்கு மட்டும் தெரிந்தது, லாரி தெரியவில்லை. அவ்வளவுதான்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கணவாயை மதியத்துக்குள் தாண்டிவிடுங்கள். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்குக் காற்று சரிவில் மேலே ஏறும், அதோடு மேகமும் ஏறும். காலை ஏழு மணி நீல வானத்தைப் பார்த்து மதியத்தைக் கணக்குப் போடாதீர்கள். அடுத்தது, மாதக் கணிப்பில் "இயல்பான மழை" என்று போட்டிருந்தால் அது மொத்த மாதத்துக்கும் பெரிய பரப்புக்கும் சொல்வது. அந்த மழை முழுக்க நீங்கள் நிற்கும் மூன்று நாளில் வந்து விழுந்தாலும் கணிப்பு சரிதான்! பயணத்துக்குப் பார்க்க வேண்டியது இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. மஞ்சள் என்றாலே தங்கும் இடத்தைக் கீழே மாற்றிக்கொள்ளுங்கள். மணாலிக்கும் ஸ்பிதியின் காசா ஊருக்கும் நடுவில் பெட்ரோல் கிடைக்கும் என்று நம்ப முடியாது, அதையும் யோசியுங்கள். கையில் இரண்டு நாள் உபரி இல்லாமல் அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.

ஜன்னல் சீட்டு:
மேகம் பார்ப்பவன் சார் சொல்கிற கணக்கெல்லாம் சரி. எங்கள் டிரைவர் வேறு கணக்கு வைத்திருந்தார். காசா போகும் வழியில் கிராம்ஃபூ பக்கம் கத்தி (Gaddi) என்கிற மலை இடையர்களின் ஆட்டு மந்தை சாலையை அடைத்துக்கொண்டு இறங்கி வந்தது. முன்னால் போனவரின் மேல்சட்டைக்குள்ளிருந்து ஒரு குட்டியின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, "இந்த வருஷம் சீக்கிரம் இறங்குகிறார்கள்" என்றார். நாங்கள் போனைக் காட்டினோம், ஐந்து நாளும் சூரியப் படம். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மதியம் காசாவில் சுற்றிலும் இருந்த மலையெல்லாம் பாதிவரை வெள்ளை. அவர் எங்களைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மேகம் பார்ப்பவன்:
மந்தை வருஷாவருஷம் செப்டம்பரில் இறங்கத்தான் செய்யும். புல் தீர்ந்தால் இறங்குவார்கள். பனி வந்த வருஷத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஆடு ஜோசியம் சொல்லியது என்றால் எப்படி?

ஜன்னல் சீட்டு:
ஜோசியம் என்று யார் சொன்னது? சீக்கிரம் இறங்கியது என்றுதானே சொன்னேன். அவருக்கு அந்த ரோட்டில் இருபது வருஷம்.

தக்காளிச் செடி:
கொஞ்சம் தள்ளி, லடாக்கில் இருக்கிற லே. கணவருக்கு அங்கே பணி, மூன்று வருஷம் இருந்தோம். குடியிருப்புக்குப் பின்னால் சரிவில் நான்கு பாத்தி போட்டிருந்தேன். செப்டம்பர் முடிகிற சமயம், காற்றே இல்லாமல் நட்சத்திரம் கொட்டிக் கிடந்த ஒரு ராத்திரி. காலையில் போய்ப் பார்த்தால் கடைசிப் பாத்தித் தக்காளி மட்டும் வெந்நீர் ஊற்றியது போலக் கருகித் தொங்குகிறது. மேல் பாத்தி மூன்றும் பச்சை. நடுவில் இருந்தது என் இடுப்பு உயரக் கல் கட்டு, அவ்வளவுதான் வித்தியாசம்!

பக்கத்து வீட்டு லடாக்கி அம்மா கையைத் தாழ்த்தி, தண்ணீர் ஓடுவதைப் போலக் காட்டினார். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து கீழே குட்டை கட்டி நிற்குமாம். அதற்குப் பிறகு, மேலே போனால் குளிர் கூடும் என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தப் பாத்திதான் ஞாபகம் வரும். மேகம் இல்லாத, காற்று இல்லாத ராத்திரியில் பள்ளத்தாக்கின் அடிதான் முதலில் உறையும். மேகம் பார்ப்பவன் சார் "கீழே தங்குங்கள்" என்கிறார், ஆற்றங்கரையை ஒட்டிப் படுத்துவிடாதீர்கள்.

மேகம் பார்ப்பவன்:
அக்கா சொல்வது சரி. இதை நான் சேர்த்திருக்க வேண்டும்.

முக்தேஷ்வர் 2021:
பெயரைப் பார்த்தாலே புரியும், உத்தராகண்டின் முக்தேஷ்வரில் 2021-இல் மாட்டிக்கொண்டவன் நான். பருவமழை வடமேற்கு ராஜஸ்தானிலிருந்து விலகத் தொடங்கும் இயல்பான தேதி செப்டம்பர் 17. அதனால் அக்டோபர் நடுவில் குமாவுன் மலை கண்ணாடி மாதிரி இருக்கும், நந்தா தேவி சிகரம் தெரியும் என்று கணக்குப் போட்டுப் போனோம். எச்சரிக்கை வந்தது, பொய் சொல்லமாட்டேன். சார்தாம் யாத்திரையையே நிறுத்தினார்கள். "அது அங்கே, நாம் இங்கே" என்று இருந்துவிட்டோம்.

மேற்கிலிருந்து மேற்கத்திய இடையூறு என்கிற மழைத் தொகுதி, கிழக்கிலிருந்து வங்கக்கடல் ஈரம், இரண்டும் எங்கள் தலைக்கு மேல் சந்தித்துக்கொண்டன. அக்டோபர் 18-19 ஒரே நாளில் 340.8 மில்லிமீட்டர். 1897-இலிருந்து மழை அளக்கிற முக்தேஷ்வர் நிலையத்தில் அதற்கு முன் அப்படி ஒரு நாள் இல்லை. இதெல்லாம் அப்புறம் படித்தது. அப்போது தெரிந்தது ஒன்றே ஒன்று, மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். டங், டங் என்று தாழ்வாக. விடுதிப் பையனிடம் கேட்டேன். "ஓடையில் பாறை உருள்கிறது" என்று சொல்லிவிட்டு, ஷூவைப் போட்டுக்கொண்டே தூங்கச் சொன்னான். ஷூவோடு படுத்த அந்த ராத்திரிக்குப் பிறகு எந்த ஊர் விடுதிக்குப் போனாலும் முதலில் ஓடை எந்தப் பக்கம் என்றுதான் பார்க்கிறேன்.

டிக்கெட் கேன்சல்:
எனக்கு உல்டா. ஆரஞ்சு எச்சரிக்கை என்று இமாச்சலின் கல்பா பயணத்தை ரத்து செய்தேன். பயந்தாங்கொள்ளி என்று திட்டிவிட்டு நண்பர்கள் போனார்கள். மூன்று நாளும் கின்னர் கைலாஷ் சிகரம் பளபளவென்று தெரிகிற படமாக அனுப்பித் தள்ளினார்கள். நான் போயிருந்தால் கட்டாயம் கொட்டியிருக்கும்.

புல்லட் பைத்தியம்:
மேகம் பார்ப்பவன் அண்ணா, தப்பு என் மேல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போனில் ஊர்ப் பெயரைத் தட்டினால் ஒரே ஒரு எண் வருகிறது. அது எத்தனை மீட்டர் உயரத்துக்கு என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

2022 செப்டம்பரில் மறுபடியும் போனேன், இந்த முறை காரில். மணாலியிலிருந்து மலையைக் குடைந்து லாஹௌலுக்குப் போகும் அடல் சுரங்கத்தின் தெற்கு வாயில் வரை அடைமழை, முன்னால் போகிற வண்டியே மங்கலாகத் தெரிந்தது. உள்ளே 9 கிலோமீட்டர். வடக்கு வாயிலில் வெளியே வந்தால் வெயில், சாலையில் புழுதி. மழை முழுக்க அந்தப் பக்கச் சரிவிலேயே தங்கிவிட்டது. காரில் யாரும் பேசவில்லை. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் மட்டும் கிறீச் கிறீச் என்று ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த வேண்டும் என்று சிசு ஊர் தாண்டும்வரை ஒருவருக்கும் தோன்றவில்லை.