ஆன்லைன் பட்டப்படிப்பு: முதல் வகுப்புக்கு முன்னால் நீங்கள் செய்த ஏற்பாடு என்ன? (மும்பைத் தமிழர் அனுபவங்கள்)

தாராவிப் பெண்:
ஐஐடி மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பில் இப்போது டிப்ளமோ என்னும் இடைக் கட்டத்தில் இருக்கிறேன். ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ எழுதாமலே சேரலாம். ஆனால் நான்கு வாரம் நான்கு பாடம் படித்து, தகுதித் தேர்வில் தேறினால்தான் உள்ளே விடுவார்கள்.

எங்களுடையது ஒற்றை அறை வீடு. டிவி, குக்கர், கீழ்வீட்டுத் தையல் மிஷின் எல்லாம் ஒன்றாகக் கேட்கும். சேர்வதற்கு முன்பே அம்மாவிடம் பேசினேன். "காலேஜுக்குப் போயிருந்தா இந்த நேரம் நான் வீட்ல இருப்பேனாம்மா? போயிட்டேன்னே வச்சுக்கோ." விடிகாலை ஐந்து முதல் ஏழு வரை எனக்கு என்று முடிவானது. அது தண்ணீர் வரும் நேரம். குடம் பிடிக்கும் வேலையை அம்மாவே தம்பிக்கு மாற்றிவிட்டார். லேப்டாப் வாங்கியதைவிட இதுதான் எனக்குப் பெரிய உதவி. ஆன்லைனில் படிக்கும் பிள்ளை வீட்டில் சும்மா இருப்பதாகத்தான் எல்லோருக்கும் தோன்றும். அதை முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். அதனால் விரிவுரையின் எழுத்துப்படியை முதலில் வாசித்துவிட்டு அப்புறம் வீடியோ பார்ப்பேன். புதனுக்குள் வீடியோ, வெள்ளிக்குள் வாரப் பயிற்சி. கடைசி நாள் ராத்திரி நெட் போனால் கெடு நமக்காகக் காத்திருக்காது. வீடியோவை வேகமாக ஓட்டிவிட்டு "புரிஞ்சுது" என்று தாண்டிப் போகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. நிறுத்தி, அதே கணக்கை நோட்டில் நீங்களே போட்டுப் பாருங்கள். குவிஸும் இறுதித் தேர்வும் மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும்.

செம்பூர்வாசி:
தங்கச்சி சொன்ன கெடு விஷயம் வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். நான் இக்னோ என்ற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.காம்., வேலை ஃபோர்ட் பக்கம். பெரும்பாலான பாடங்களில் அசைன்மென்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. அசைன்மென்டைக் கையால் எழுதச் சொல்கிறார்களே என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது வரம். பகலெல்லாம் கீபோர்டு தட்டுகிற விரல், ஜூனிலோ டிசம்பரிலோ பரீட்சை ஹாலில் திடீரென்று பக்கம் பக்கமாக எழுதாது.

காலை ஹார்பர் லைன் ரயில் நெரிசலைப் படிக்கும் நேரமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது நடக்காது. சாயங்காலம் ரயில் புறப்படும் சிஎஸ்எம்டி ஸ்டேஷனிலேயே ஏறுவதால் உட்கார இடம் கிடைக்கும். இ-ஞானகோஷ் இணையதளத்தில் இக்னோ பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முந்தின இரவே இறக்கிவைத்துவிடுவேன், செம்பூர் வருவதற்குள் ஒரு பகுதி முடியும்.

கோலிவாடா அண்ணாச்சி:
மகளுக்காக விசாரித்தபோது ஒரு ஏஜெண்ட், "ஆன்லைன் பி.டெக். இருக்கு, இன்னைக்கே பணம் கட்டுங்க" என்றான். பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி இதெல்லாம் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2020 விதிகளின்படி ஆன்லைனில் நடத்தக் கூடாதவை. பல்கலைக்கழகம், படிப்பு, சேரும் பருவம் மூன்றையும் யுஜிசி தொலைக்கல்விப் பிரிவின் (டெப்) தளத்தில் பார்த்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும்.

இன்னொன்று நம்மவர்களுக்கே உள்ள சிக்கல். ஆதாரில் இனிஷியல் இருக்கும். மகாராஷ்டிரா எஸ்எஸ்சி (பத்தாம் வகுப்பு) மார்க்‌ஷீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். யுஜிசி அங்கீகாரத்தில் நடக்கும் ஆன்லைன், தொலைநிலைப் படிப்புகளுக்கு 2024 முதல் டெப்-ஐடி என்ற மாணவர் எண் கேட்கிறார்கள். அதற்கு, படிப்பில் சேரும் கிரெடிட்டுகளைப் பதிந்துவைக்கும் ஏபிசி ஐடி வேண்டும், அது ஆதாரோடு சேர்ந்தது. ஆதாரிலும் மார்க்ஷீட்டிலும் பெயர் ஒன்றாக இருக்கும்படி, சேர்க்கைக்கு ரொம்ப முன்னாடியே சரி பண்ணிவிடுங்கள்.

மகளுக்கு இன்னொரு கவலை, தனியாகப் படித்துச் சலித்துவிடுமோ என்று. தாராவிப் பெண்ணே, நீ என்னம்மா செய்கிறாய்?

தாராவிப் பெண்:
அண்ணாச்சி, எங்கள் தெருப் பக்கம் ஒரு அப்யாசிகா, அதாவது பொதுப் படிப்பறை இருக்கிறது. பேச்சுச் சத்தம் இருக்காது. ஞாயிறு காலையில் வேறு வேறு படிப்பு படிக்கும் நாங்கள் சில பெண்கள் அங்கே உட்காருவோம். வெளியே வந்ததும், அந்த வாரம் படித்ததில் ஒன்றை ஒருத்தி மற்றவர்களுக்குத் தமிழில் விளக்க வேண்டும். சொல்லத் தெரியாத இடத்தை அன்றைக்கே திரும்பப் படித்துவிடுவோம். உங்கள் மகளையும் அனுப்புங்கள், சயான் ஸ்டேஷனில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.