புதுப்பிப்பு: கேம் நடுவே கணினி அணைந்த பிரச்சினை தீர்ந்தது

புது ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு போட்டதிலிருந்து, கேம் தொடங்கினாலே கணினி அணைந்துவிடுகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பவர் சப்ளையைப் பார்க்கச் சொன்ன அண்ணன்மார்களுக்கு ரொம்ப நன்றி, கோளாறு அங்கேதான்.

இந்தக் கார்டு 170 வாட் வரை இழுக்கும். மதர்போர்டு ஸ்லாட் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட். மீதி 8 பின் கேபிள் வழியாகத்தான் வர வேண்டும். பழைய சப்ளைக்கு அந்தப் பாரம் தாங்கவில்லை. கார்டின் சிப்பை வடிவமைத்த என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் சப்ளை. கோலாலம்பூர் (கேஎல்) புக்கிட் பிந்தாங் லோயாட் பிளாசாவில் 650 வாட்டாகவே வாங்கி மாட்டினேன். நேற்று இரவு முழுக்க விளையாடியும் ஒரு தடவைகூட அணையவில்லை, அவ்வளவு நிம்மதி!

முந்தைய கார்டு ஏஎம்டி நிறுவனத்தது. அதனால் விண்டோஸின் சேஃப் மோடில் டிடியூ என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளை ஓட்டிப் பழைய டிரைவரைத் துடைத்தேன். கேஎல் வெக்கைக்குக் கேஸின் முன்பக்கம் இன்னொரு ஃபேன் தேவையா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.