ஆறாம் வகுப்புக்கு வரும் பையன்கள்

குன்னூரில் ஓர் ஆண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். ஜூன் மாதம் புதிதாக ஆறாம் வகுப்பில் வந்து உட்காரும் தேயிலை எஸ்டேட் பையன்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. "லேட்டா வர்றான், தூங்குறான், வாயே திறக்க மாட்டேங்கிறான்" என்று அவர்களைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுப்பதில்லை.

2024-ல் சமவெளியில் வெயில் குறையாததால் பள்ளி திறப்பு ஜூன் 10-க்குத் தள்ளிப்போனது. இங்கேயோ காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. பிரேயர் முடிந்து வருகைப் பதிவேட்டைத் திறந்தால் பல பெயர்களுக்குப் பதிலே இல்லை. அப்புறம் ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்றார்கள். ஒரு பையனுக்கு முழங்கால் வரை ஈரம், ஷூவில் செம்மண் அப்பியிருந்தது. என்னப்பா என்று கேட்டதும், "காட்டெருமை நின்னுச்சு டீச்சர். கன்னுக்குட்டியோட" என்றான்.

தினமும் இதே கதைதான் என்று பக்கத்தில் இருந்த ஆசிரியர் சொன்னார். இந்த ஊரில் அது கதை இல்லை. தேயிலைக்குள்ளிருந்து இறங்கி ரோட்டில் நின்றுவிட்டால், அதுவாக நகரும் வரை நாம் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். கன்று கூட இருந்தால் தாய் சட்டென்று பாய்ந்துவிடும். நின்று வந்த பையன் செய்ததுதான் சரி. நின்றதில் பஸ் போய்விட்டது, அடுத்த வண்டிக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான் நடந்தது.

தூங்குவதற்குக் காரணம் வேறு. அந்த வாரமே இன்னொரு பையன் இரண்டாவது பீரியடில் டெஸ்க்கில் தலையைச் சாய்த்துவிட்டான். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றேன். "டீ குடிச்சேன். ஒரு வர்க்கி." வர்க்கி என்பது இங்கே பேக்கரியில் கிடைக்கும் மொறுமொறுப்பான பிஸ்கட் மாதிரி. சுற்றி இருந்தவர்களையும் கேட்டேன். எஸ்டேட்டிலிருந்து வருகிற பலருக்கும் அதேதான்.

ஐந்தாம் வகுப்பு வரை இவர்கள், எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் படித்தவர்கள். அரசின் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு அங்கே போனதும் சூடாகக் கிச்சடியோ பொங்கலோ சாம்பாரோடு கிடைத்தது. அந்தத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்பில் பள்ளி தூரமாகிறது, முன்னைவிடச் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்கிறது, காலைச் சாப்பாடும் அதே நாளோடு நின்றுவிடுகிறது. அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கப் போகிற அவசரம். அவர் எழுந்து சமைத்து வைத்தாலும், அந்தக் குளிரில் ஆறரை மணிக்குப் பத்து வயதுப் பிள்ளைக்குச் சோறு இறங்குமா? மதியம் சத்துணவு வரும் வரை அவனைக் கணக்குப் போடச் சொல்வது நியாயமே இல்லை.

வாய் திறக்காததைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பையன் நோட்டு, பென்சில், டிபன் பாக்ஸ் என்று ஏதாவது ஒன்றை தினமும் விட்டுவிட்டு வருவான். மெதுவாகக் கேட்டபோது, "எங்க பெரியம்மா பொண்ணு என் கிளாஸ்தான் டீச்சர். அவதான் எல்லாம் எடுத்து வைப்பா" என்றான். அவள் இப்போது பெண்கள் பள்ளியில். தொடக்கப் பள்ளியில் சத்தமாக வாசிக்க முதலில் எழுந்ததும், டீச்சரிடம் போய்ச் சந்தேகம் கேட்டதும் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். அவர்கள் பின்னால் நின்றே பழகிய பையனை ஒரே நாளில் பையன்கள் மட்டும் இருக்கிற வகுப்பில் உட்கார வைக்கிறோம். டவுன் பையன்கள் கலகலவென்று பேசி இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். இவன் இன்னும் ஒடுங்கிவிடுகிறான்.

தலைமையாசிரியரிடம் பேசினேன். முதல் மாதம் பஸ்ஸில் வருகிற பையன்களை லேட்டானால் வெளியே நிறுத்த வேண்டாம் என்றார், அது பெரிய உதவி. அதே பஸ்ஸில் வருகிற எட்டாம் வகுப்புப் பையன்களைக் கூப்பிட்டு ஆளுக்கு இரண்டு மூன்று தம்பிகளை ஒப்படைத்தேன். பெரிய பையன்கள் அடிப்பார்கள் என்ற பயத்தோடுதான் இவர்கள் வந்திருந்தார்கள். ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஒரு அண்ணன் சின்னவனின் பையையும் தன் தோளில் மாட்டிக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொருவனாக ஏற்றினான். "மாடு நின்னா ஓடாதீங்கடா, சத்தமும் போடாதீங்க. என் பின்னாடி நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டே கடைசியாகத் தான் ஏறினான். நான் சொல்லிக் கொடுக்காதது அது.

சாப்பாட்டுக்கு ஆசிரியர்கள் சிலர் காசு போட்டு இடைவேளையில் பன்னும் வாழைப்பழமும் கொடுத்தோம். வருடம் முழுக்க எங்களால் அது முடியாது. மலைப் பள்ளிகளிலாவது காலை உணவை எட்டாம் வகுப்பு வரை கொடுக்க வேண்டும்.

காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபரில் பள்ளி திறப்பது இதைவிடக் கஷ்டம். குன்னூருக்குப் பெருமழை ஜூனில் இல்லை, ஐப்பசி கார்த்திகையில்தான். மரம் விழும், மண் சரியும், பஸ் பாதியில் நின்றுவிடும். அதனால் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையைச் சேர்க்கும்போது முகவரியோடு விட்டுவிடாதீர்கள். எந்த வண்டியில் வருகிறான், எங்கே ஏறுகிறான், அதற்கு முன் எவ்வளவு தூரம் நடக்கிறான், கூட யார் வருகிறார்கள் என்று வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். வண்டி வராத நாளில் அவனை எங்கே போய்த் தேடுவது என்று அதை வைத்துத்தான் எங்களுக்குத் தெரியும்.